செவிசாய்த்த மேற்றிராணியார்

பதுளைப் புகையிரத நிலையத்துக்கு அப்பால் தண்டவாளம் இல்லை. கொழும்பிலிருந்து புறப்பட்டு, பட்டிப்பொலையின் குளிரில் நடுங்கி, பண்டாரவளையில் சற்று இளைப்பாறி, தெமோதரையில் ஒரு வளையம் இட்டுத் தன் வாலின் கீழே தானே நுழைந்து வரும் இருப்புப்பாதை, 1924ஆம் ஆண்டில் இந்த ஊரை எட்டியது; எட்டியதோடு நின்றுவிட்டது. பாதை முடியும் ஊருக்கு ஒரு குணம் உண்டு. வழிப்போக்கர் எவரும் அங்கே தற்செயலாக வந்து இறங்குவதில்லை. வருபவர் ஒன்றில் அந்த ஊரார், அல்லது அனுப்பப்பட்டவர். அரசாங்க உத்தியோகத்தர் பலருக்கு அந்நாளிலே பதுளை என்றால் இடமாற்றம். இடமாற்றம் என்றால் தண்டனை. ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பாடசாலையிலே வேலை கிடைத்து, தகரப்பெட்டியும் படுக்கைச் சுருளுமாக இந்த நிலையத்தில் நான் இறங்கியபோது, என் மனத்திலும் அந்த எண்ணமே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அக்காலத்தை ஒட்டியே, இந்த ஊரைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். லியோ நாணயக்கார என்பது அவர் பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்; எங்கள் முதியோர் வழக்கிலே சொன்னால் மேற்றிராணியார். 1959ஆம் ஆண்டு முதலாகக் கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். 1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஊவா மாகாணத்தைக் கண்டியினின்றும் பிரித்து, பதுளையைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய மறைமாவட்டத்தை நிறுவினார்கள். இத்தகைய வேளைகளில், பழையவர் பழைய ஆசனத்தில் அமர்ந்திருக்கப் புதியவர் ஒருவரைப் புதிய இடத்துக்கு அனுப்புவதே உலக வழக்கு. இங்கே நடந்ததோ அதன் மறுதலை. பதின்மூன்று ஆண்டுகள் வீற்றிருந்த ஆசனத்தை இன்னொருவருக்கு விட்டுவிட்டு, ஆயர் லியோ பதுளைக்கு வந்துவிட்டார்.

தேநீர்க் கடையிலே ஆசிரியர் நாலுபேர் கூடினால் இதைப்பற்றிப் பேச்சு எழும். மேலிடத்தாருக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல் இருக்கவேண்டும் என்றார் ஒருவர். உடல்நலத்துக்காக வந்திருப்பார் என்றார் மற்றொருவர். பெரியதை விட்டுச் சிறியதை ஒருவர் வலிந்து தேடுவார் என்பதை நம்ப எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. நானும் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவனே. பெத்லகேமின் மாட்டுத் தொழுவத்தைப் பற்றி ஆண்டுதோறும் பாட்டுப் பாடியவனே. ஆயினும் என் புத்தியிலும் அது ஏறவில்லை.

அவரை நேரிற் கண்டு அளவளாவும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருக்கலாம், நான் முயலவில்லை. பின்னாளிலே, அவரோடு வாழ்ந்த குருமாரிடத்தும், அவரைப்பற்றி எழுதப்பட்டவற்றிலும் அறிந்தவற்றைக் கொண்டே இதனை வரைகிறேன். இலக்கியப் பகுதியிலே ஒரு சமயத் தலைவரின் வரலாறு எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். பேசியும் எழுதியும் புகழ்பெற்றவர் வரலாறுகள் நம்மிடம் நிறைய உள்ளன. பிறர் சொல்லக் கேட்டுப் புகழ்பெற்றவர் வரலாறு அரிது. வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் கூறி முடித்த கையோடு, கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அந்த அதிகாரத்தை வகுப்பிலே பல ஆண்டுகள் நடத்தியவன் நான். நடத்தியதற்கும் நடந்துகொண்டதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றிப் பின்னர் ஓரிடத்திற் சொல்லவேண்டியிருக்கிறது.

லியோ நாணயக்கார 1917ஆம் ஆண்டிலே பிறந்தவர். இளமையிலேயே துறவறம் பூண்டவர். அவர் சேர்ந்த சபை, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியரில் சில்வெஸ்திரீன் எனப்படும் கிளை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இத்தாலி நாட்டின் மொன்டே பானோ மலையில் முளைத்த அந்தக் கிளையின் துறவி ஒருவர் 1845ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். பின்பு 1883இல் கண்டிப் பகுதி தனியே பிரிக்கப்பட்டபோது, அது அச்சபையாரின் பொறுப்பில் விடப்பட்டது. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடழிந்துகொண்டிருந்த மலைகள் அவை. தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் கப்பலேறியும் வந்த கூலிமக்களுள், மாதாவையும் அந்தோனியாரையும் நெஞ்சிலே சுமந்து வந்தோரும் இருந்தனர். அவர்களுக்குப் பூசை வைக்க மலை ஏறி இறங்கியவர் பெரும்பாலும் இத்தாலியத் துறவியரே.

இந்தச் சபையைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இல்லையேல் ஆயர் லியோவின் வாழ்வு விளங்காது. ஆறாம் நூற்றாண்டிலே ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு எழுதிவைத்த ஒழுங்குநூல், கேட்பாயாக என்னும் ஏவலோடு தொடங்குகிறது. உழைப்பாயாக என்றன்று, செபிப்பாயாக என்றுமன்று. முதலிற் கேள் என்பதே அந்நூலின் வாசற்படி. மடத்திலே முக்கியமான காரியம் ஒன்று எழுந்தால் மடாதிபதி எல்லாத் துறவியரையும் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்றும், வயதில் இளையவன் வாயிலாகவே கடவுள் நல்லதைப் புலப்படுத்துவதும் உண்டு என்றும் அதே நூல் கூறும். வாசலில் வந்து நிற்கும் விருந்தினனைக் கிறிஸ்துவாகவே கொள்ளவேண்டும் என்பதும் அதன் கட்டளை. நாளொன்றைப் பல வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையிலும் கையிலுள்ள வேலையை அப்படியே வைத்துவிட்டு மணியோசைக்கு எழுந்து சென்று திருப்பாடல்களை ஓதுவது அவர்கள் வழக்கம். வேதாகமத்தையும் அவர்கள் விரைந்து படிப்பதில்லை. பசு அசைபோடுவதைப்போல ஒரு வசனத்திலே நெடுநேரம் தங்கியிருப்பர்.

துறவியின் காதுக்கு இவை நல்ல பயிற்சிதாம். ஆனால் மணியோசைக்கு எழுந்து போகிறவன் மனிதனின் குரலுக்கும் எழுந்து போவானா என்பது வேறு கேள்வி. கடவுளைக் கேட்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்வோரை எல்லாச் சமயங்களிலும் கண்டிருக்கிறோம். மனிதரைக் கேட்பதிலேயே நாள் கழிந்து, கடவுளுக்கு நேரமில்லாமற் போனோரும் உண்டு. இரண்டு கேள்வியும் ஒரே காதின் வேலை என்பதை அறிந்தவர் மிகச் சிலர்.

ஆயர் லியோவுக்கு அது உடனே விளங்கிவிடவில்லை என்றே எண்ணுகிறேன். கண்டியில் அவர் பதவியேற்றபோது திருச்சபை பழைய திருச்சபையாகவே இருந்தது. பூசை இலத்தீனில் நடந்தது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்றார். தோட்டப்புறத்தார் சங்கிலி மணியோசை கேட்டு மண்டியிட்டனர். தமக்காகச் சொல்லப்பட்ட செபத்தில் ஒரு சொல்லும் அவர்களுக்குப் புரியாது. பிறகு 1962ஆம் ஆண்டு உரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியது. 1965 வரை, ஆண்டுக்கொரு பருவமாக நான்கு பருவங்கள். உலகெங்குமிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆயர்கள் வந்து பேதுரு பேராலயத்தில் வரிசை வரிசையாக அமர்ந்தனர். ஒருவருக்குப் பேசக் கிடைத்தது சில நிமிடங்களே. தத்தம் ஊரிலே பேசியே பழகிய அத்தனை பெரியவர்களும், மாதக்கணக்கில் மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! அவர்களுள் ஒருவராகக் கண்டி ஆயரும் இருந்தார். அச்சங்கத்தின் பயனாகவே பூசை தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்தது. பிற சமயத்தாரிடத்தும் உண்மையின் ஒளி உண்டு என்பதைத் திருச்சபை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஏழைகளின் மகிழ்வும் துயரும் தன்னுடையனவே என்றும் அறிக்கையிட்டது.

தாளில் எழுதியதை வாழ்விலே எழுதுவது பிறிதொன்று. 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கள இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்தனர். குறித்த நேரத்துக்கு முன்னரே அவர்கள் தாக்கிய முதல் பொலிஸ் நிலையம் ஊவாவின் வெல்லவாயவில் இருந்தது. படித்த பிள்ளைகள், வேலையற்ற பிள்ளைகள். அவர்கள் இப்படி மனம் கொதித்திருந்ததை நாட்டில் எவருமே அறியவில்லை என்று பெரியோர் வியந்தனர். அறியாமற் போனது ஏன் என்று வியந்தவர் குறைவு. அந்த வெல்லவாயவும், மொனராகலையும், புத்தளையும், இந்தப் பக்கத்திலே பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தேயிலை மலைகளும் சேர்ந்ததே புதிய மறைமாவட்டம். பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். கத்தோலிக்கரோ கைப்பிடியளவு. சுற்றிலும் பௌத்தக் கிராமங்கள். மலைமேலே பெரும்பாலும் இந்துக்களான தோட்டத் தொழிலாளர். கூட்டத்தைப் பெருக்க விரும்பும் ஆயர் ஒருவர் இந்த நிலத்தைத் தேர்ந்திருக்கமாட்டார். தாம் அறியாதவற்றைக் கேட்டறிய விரும்பியவர் தேர்ந்தார்.

தோட்டத்திலே ஒருவருக்குச் செவிசாய்ப்பது எத்தகைய காரியம் என்பதை வெளியூர் வாசகருக்குச் சற்று விளக்கவேண்டும். தோட்டம் என்பது பேச்சு மேலிருந்து கீழே மட்டும் ஓடும்படி அமைக்கப்பட்ட இடம். துரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்லுவார். கணக்கப்பிள்ளை கங்காணிக்குச் சொல்லுவார். கங்காணி ஆட்களுக்குச் சொல்லுவார். மலையில் நீர் மேல்நோக்கி ஓடாததுபோலப் பேச்சும் மேல்நோக்கி ஓடாது. இருள் பிரியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பிரட்டுக்களத்திலே பேர் போடுவார்கள். பிந்தி வந்தவளுக்கு அரைப்பேர். சில வேளை அதுவும் இல்லை. கொழுந்துக் கூடையின் நிறைக்கும் கணக்குண்டு, கழிவுக்கும் கணக்குண்டு. அவள் சொல்ல வந்த காரணத்துக்குக் கணக்கில்லை. மாலையில் கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் கொட்டிலிலிருந்து தூக்கி வந்து, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் போட்டபின்பு எஞ்சியதை அவள் உண்ணும்போது இரவு ஒன்பது மணியாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா ஒன்று. அதற்குள் ஒரு குடும்பம். அவள் நெஞ்சைத் திறந்து பேசுவதானால் அந்த நேரத்துக்குத்தான் பேசமுடியும். கேட்க விரும்புகிறவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை வந்து, ஒரு மணிநேரத்தில் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, துரையின் பங்களாவிலே தேநீர் அருந்திவிட்டுப் போகும் குருவானவர் நல்லவராயிருக்கலாம். அவர் எதையும் கேட்டிருக்கமாட்டார். அந்நாட்களிலே தோட்டத்துக்குள் வெளியார் கால்வைப்பதற்கே துரையின் சம்மதம் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

அந்த மக்கள் தலைமேலே அப்பொழுது தொங்கிக்கொண்டிருந்தது ஒன்றல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரின் பங்கு பின்னர் தீர்மானிக்கப்படும். 1974ஆம் ஆண்டு அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்து முடித்தார்கள். எண்ணப்பட்டவரிடம் எவரும் கலந்து பேசியதில்லை. அதே 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டிலே உணவு பஞ்சமாயிற்று. அரிசியும் மாவும் பங்கீட்டிற் சுருங்கின. கிராமத்தவனுக்குப் பலாவும் மரவள்ளியும் நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத்தவனுக்கு அதுவும் இல்லை. லயங்களிலே சாவு பெருகியது. அடுத்து 1975ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரைமார் மாறினர், பேச்சு ஓடும் திசை மாறவில்லை.

இனி என் கதை. 1974ஆம் ஆண்டாக இருக்கவேண்டும், மழைக்காலம். ஐந்து வகுப்புக்கும் ஒரே மண்டபமான எங்கள் பாடசாலையின் விறாந்தையிலே, ஒரு மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு ஒரு தாய் வந்து நின்றாள். நான்காம் வகுப்பிற் படித்த மகனும் அவள் பக்கத்தில் நின்றான். தலையிற் போட்டிருந்த சாக்கிலிருந்து நீர் சொட்டியது. மடியிலிருந்து நீளமான ஒரு கடித உறையை எடுத்தாள்; அரச முத்திரை பதித்தது. வாத்தியாரையா என்று தொடங்கினாள். பதுளைக்குப் போகும் கடைசி பஸ்சைப் பிடிக்கவேண்டிய அவசரத்தில் நான் இருந்தேன். ஊரிலே ஓர் இலக்கியக் கூட்டம். அதில் நான் பேசவேண்டும். நாளைக்குக் கொண்டு வா, ஆறுதலாக வாசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் தலையசைத்தாள். பையன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைய கூட்டத்தில் நான் நன்றாகப் பேசியதாகவே பலரும் பாராட்டினார்கள், தலைப்பு மறந்துபோயிற்று.

மறுநாள் அவள் வரவில்லை. வராததை நான் கவனிக்கவும் இல்லை. சில வாரங்கள் சென்றபின், இடாப்பிலே தொடர்ந்து பையனின் பெயருக்கு எதிரே வரவின்மை விழுந்ததைக் கண்டு மற்றப் பிள்ளைகளை விசாரித்தேன். அவர்கள் கோச்சியேறிப் போய்விட்டார்கள் என்றனர் பிள்ளைகள். மலையகத்திலே அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். மேடையிலே நிற்பவரும் வண்டியிலே இருப்பவரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் அழுவார்கள். வண்டி நகரும்போது கைகள் தாமே பிரியும். தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறினால் மறுகரை இராமேசுவரம். அவள் கையிலிருந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு இன்றளவும் தெரியாது. புறப்படும் நாளைக் குறித்ததாக இருக்கலாம். மறுப்பெழுதக் கெடுவைத்த கடிதமாகவும் இருக்கலாம். நான் வாசித்துச் சொல்லியிருந்தால் எதுவும் மாறியிராது என்று என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. வாசித்திருந்தாலல்லவோ அது தெரியும்!

இதற்குப் பின்னரே, பண்டாரவளையிலே ஆயர் லியோ செய்துகொண்டிருந்த காரியத்தின் பொருள் எனக்குப் புலப்படத் தொடங்கியது. சேவக செவன என்று ஒரு குருமடத்தை அங்கே அவர் தொடங்கியிருந்தார். பணியாளரின் நிழல் என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். குருமடம் என்றவுடன் நம் கண்முன் நிற்பது கண்டியை அடுத்த அம்பிட்டியாவிலே, 1893ஆம் ஆண்டு பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ காலத்திலே எழுந்த மாபெரும் கட்டடம். மதிலுக்குள்ளே மெய்யியலும் இறையியலும் ஆண்டுக்கணக்கிற் கற்று, எல்லா வினாவுக்கும் விடையோடு வெளியே வருவார்கள். சேவக செவனவிலே முறை வேறு. குருமாணவர் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் சென்று, மக்கள் வீட்டிலே தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அங்கே எழுந்த வினாக்களோடு திரும்பி வந்து வேதாகமத்தைத் திறப்பார்கள். சிங்கள மாணவன் தமிழரிடையிலும் தமிழ் மாணவன் சிங்களவரிடையிலும் பழகவேண்டும். பௌத்தத்தை அதன் நூல்களிலிருந்தும் அதைக் கைக்கொள்வோரிடத்திருந்தும் அறியவேண்டும். விடை முதலில், வினா பிறகு என்னும் பழைய வரிசையை அவர் புரட்டிப்போட்டார். எங்கள் பாடசாலை முறை முழுவதும் அந்தப் பழைய வரிசையிலேயே கட்டப்பட்டது என்பதை ஆசிரியராகிய வாசகர் உணர்வர்.

சிறு சிறு கூட்டங்களாக மக்களை அமரவைத்து, தங்கள் வாழ்வைப் பற்றித் தாங்களே பேசி, அதன் நடுவில் வேதவசனத்துக்குச் செவிகொடுக்கப் பழக்கியது அவருடைய மற்றொரு முயற்சி. அக்கூட்டங்களிலே குருவானவர் பிரசங்கி அல்லர், அமர்ந்திருப்போரில் ஒருவர். ஆயர் தாமும் எளிமையாக வாழ்ந்தார், ஆடம்பரத்தை ஒதுக்கினார். பிக்குமாரோடும், தொழிற்சங்கத்தாரோடும், கடவுள் நம்பிக்கையே இல்லாத இடதுசாரி இளைஞரோடும் அமர்ந்து உரையாடுவதற்கு அவர் கூசவில்லை. திருச்சபைக்கு உள்ளேயே இதனை விரும்பாதவர் இருந்தனர். ஆயருக்குரிய கம்பீரம் குறைகிறது என்றனர் சிலர். குருமாரின் கல்வி தளர்ந்துவிடும் என்றும், சமயம் அரசியலாகிவிடும் என்றும் அஞ்சினர் வேறு சிலர். அவ்வச்சத்தை அடியோடு தள்ளிவிட நான் துணியவில்லை. எல்லாரையும் கேட்கிறவன் சிலருக்கு விடைசொல்லத் தாமதிப்பான். தலைவனிடத்தில் மக்கள் சில வேளைகளில் விடையையே எதிர்பார்க்கிறார்கள். பஞ்சத்தில் இறந்தவரை அவர் கேட்டதனால் எழுப்பிவிடவில்லை. கோச்சியையும் நிறுத்திவிடவில்லை.

ஆயினும் நற்செய்தி நூல்களை எடுத்து நோக்குங்கள். எரிகோ நகரத்துச் சாலையோரத்திலே பர்த்திமேயு என்னும் குருடன் கூவுகிறான். உடன் போவோர் அவனை அதட்டுகிறார்கள். இயேசுவோ நின்றுவிடுகிறார். எருசலேமை நோக்கி, தம் சாவை நோக்கி நடந்துகொண்டிருந்தவர், கூட்டம் முழுவதையும் காக்கவைத்து நிற்கிறார். நின்று, அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனையே வினவுகிறார். குருடனுக்கு வேண்டியது கண் என்பது பார்த்த எவருக்கும் தெரியும். தெரிந்தும் அவன் வாயால் அது வரட்டும் என்று காத்திருந்தார். எம்மாவு ஊருக்குப் போன இருவரோடு சேர்ந்து நடந்தபோதும் அவ்வாறே. முதலில் அவர்கள் துக்கத்தை அவர்களே சொல்லும்படி கேட்டார், வேதவாக்கியங்களை விளக்கியது அதற்குப் பின்பு. கண் கொடுப்பது நம்மால் ஆகாது. நிற்பது நம்மால் ஆகும். கடைசி பஸ்சை விட்டிருந்தால் நான் எட்டு மைல் நடந்திருப்பேன், அவ்வளவே நட்டம்.

ஊவாவிலே ஆடி ஆவணி மாதங்களில் வரண்ட காற்று ஒன்று மலையிடுக்குகளால் இறங்கி வீசும். தேயிலைக்கு உலகம் மெச்சும் மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்றே என்பர்; அதே காற்று லயத்துத் தகரத்தையும் பிடுங்கி எறியும். ஓரேபு மலையிலே எலியா தீர்க்கதரிசி நின்ற கதையை அந்த நாட்களில் நான் பலமுறை நினைத்ததுண்டு. பெருங்காற்றிலே கடவுள் இல்லை. நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லை. அவையெல்லாம் ஓய்ந்தபின் எழுந்த மெல்லிய ஓசையிலே அவர் இருந்தார். துறவிமடத்திலே அந்த மெல்லிய ஓசைக்குக் காத்திருக்கக் கற்ற ஒருவர், லயத்துக் காம்பிராவிலிருந்து எழும் மெல்லிய ஓசையையும் அடையாளம் கண்டுகொண்டார் என்று சொன்னால், அது என் கற்பனை என்று எவரேனும் கூறலாம். கூறட்டும். கண்டியை விட்டு அவர் பதுளைக்கு வந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

1982ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆயர் லியோ காலமானார். ஊவாவிலே அவர் இருந்தது பத்தாண்டுக்குக் குறைவு. அடுத்த ஆண்டு ஜூலையிலே இனக்கலவரத் தீ பதுளைக் கடைத்தெருவையும் வந்து பற்றிற்று. அதனை அவர் காணவில்லை. நல்வினைப் பயன் என்றே நான் அதனைக் கொள்கிறேன்.

அவர் கையிற் பயின்றோர் பலர். கூட நின்றவருள் ஒருவரை மட்டும் குறிப்பிடாமல் விடமுடியாது. மைக்கல் ரொட்ரிகோ என்னும் அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர் அவர். உரோமாபுரியிலும் பாரிசிலும் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர்; அம்பிட்டியாவிலே பல்லாண்டு பேராசிரியர். சேவக செவனவிலே ஆயர் லியோவின் அருகிலிருந்து பணிசெய்த பின்னர், 1980ஆம் ஆண்டு புத்தளையை அடுத்த அலுகலவிட்ட என்னும் ஏழைப் பௌத்தக் கிராமத்துக்குச் சென்றார். கிறிஸ்தவர் எவரும் இல்லாத கிராமம் அது. ஆரம்பத்தில் அவரை அங்கே ஐயத்தோடு நோக்கினர். மதம் மாற்ற வந்தவர் என்று எண்ணினர். அவரோ சிறு குடில் ஒன்றிலே இருந்துகொண்டு, கிராமத்தவரின் நோய்க்கு மூலிகை அறிந்தவரைக் கேட்டார், நிலத்தைப் பற்றி உழுதவரைக் கேட்டார், தம்மத்தைப் பற்றி விகாரையிலே கேட்டார். கரும்புத் திட்டத்துக்கு நிலம் பறிகொடுத்த விவசாயிகளின் குறையைக் கேட்டபோது, கேட்டதோடு நில்லாமல் அவர்கள் பக்கம் நிற்கவேண்டியும் வந்தது. 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மாலை, அந்தக் குடிலிலே திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில், வெளியிலிருந்து வந்த துப்பாக்கிக் குண்டுக்கு அவர் பலியானார். செவிசாய்ப்பது ஆபத்தற்ற பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் அலுகலவிட்டையையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

தொழிலினின்றும் ஓய்வுபெற்றபின் ஒருமுறை பசறைக்குப் போயிருந்தேன். அந்தத் தோட்டப் பாடசாலை இப்பொழுது அரசாங்கப் பாடசாலை. மாடிக் கட்டடமும் உண்டு. அதிபராக இருந்தவர் லயத்திற் பிறந்து வளர்ந்த இளைஞர். வந்தவன் பழைய ஆசிரியன் என்று அறிந்ததும் தமது வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய சேர்விடாப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து, கறையான் ஓரங்களைத் தின்ற ஒரு புத்தகத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். விலகிய காரணம் என்று ஒரு நிரல். அந்த ஆண்டுகளின் பக்கங்களில், மேலிருந்து கீழ்வரை, என்னுடைய கையெழுத்திலேயே, இந்தியா, இந்தியா, இந்தியா என்று எழுதியிருந்தது. சில இடங்களில் மேலுள்ளதைப் போல என்பதைக் குறிக்கும் இரண்டு புள்ளிகள் மட்டும்.

அந்தப் பையனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவனுக்கு எதிரே இருந்தது இரண்டு புள்ளிகளே.

கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஊவாவிலிருந்து போன குடும்பங்கள் நிறைய உள்ளன என்கிறார்கள். நீலகிரியிலிருந்து உறவினரைக் காண எவரேனும் வந்திருப்பதாக அறிந்தால், நான் போய்ப் பார்க்கிறேன். பெயரைச் சொல்லி விசாரிப்பேன், தெரியாது என்பார்கள். பிறகு அவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். சென்ற மாதம் வந்திருந்த ஒரு முதியவள் சொல்லி முடிக்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பதுளைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. அவர்கள் வீட்டிலேயே ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். இரவு அங்கேயே தங்கினேன்.